எம்பதுல வந்ததெல்லாம் பழைய படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல பழைய படங்கள்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் நல்ல படம்தான் குத்தம் சொல்லல, ஆனா அதுல இருந்ததுலயே வயசான படம் எழுபதுகளோட கடைசில வந்தது. அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டுல சினிமாவே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. 1931ல இருந்து நம்மாளுங்க திரையில பேசிட்டும் பாடிட்டும் இருக்காங்க, பேசாத படம் அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு. அதெல்லாம் யாரு பாப்பாங்க, இழுவையா இருக்கும்னு நீங்க நெனச்சிருக்கலாம். இழுவை இல்லைங்க, பாக்குற விதத்துல பாத்தா நல்லாவே இருக்குதுன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டிப் போடறதுன்னா ஹரிதாஸ் படத்த பத்தி எழுதினத மட்டும் வெட்டாம விட்டுடுங்க.

நான் ஒண்ணும் சினிமா ஆராய்ச்சி பண்றவன் இல்ல, ஈரோட்டுல ஜவுளி மண்டில கணக்கு எழுதுறவன். எங்க அப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, எப்பவும் அந்தக் காலத்துல பாடி நடிச்ச ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டையே முனகிட்டு இருப்பாரு, அந்தப் பாட்டு எந்தப் படம்னு தேடப் போயி போன்ல படம் பூராவும் கெடைக்குதுன்னு தெரிஞ்சு அப்படியே பழகிப் போச்சு. இப்ப ராத்திரி சாப்பிட்டு முடிச்சா புதுப் படத்த விட 1940ல வந்ததுக்குத்தான் மொதல்ல கை போகுது, வீட்ல திட்டுறாங்க அது வேற விஷயம்.

மொதல்ல ஹரிதாஸ். 1944 தீபாவளிக்கு வந்த படம், சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உங்க பேப்பர்லயும் எத்தனையோ தடவ வந்திருக்கும். யாரும் சொல்லாதது என்னன்னா படம் ரெண்டு மணி நேரம்தான். அது உலகப் போர் நடந்த சமயம், பிலிம் ரோல் வெளிநாட்டுல இருந்து வரணும், தட்டுப்பாடு, அதனால ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு வெள்ளக்கார சர்க்கார் கட்டுப்பாடு போட்டாங்க. அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் மூணரை மணி நேரம்னு எடுத்துட்டு இருந்தவங்க எல்லாம் சுருக்கமா எடுக்க வேண்டியதாப் போச்சு. எனக்குத் தெரிஞ்சு தமிழ் சினிமாவுக்கு நடந்த நல்ல விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆரம்பமே பாகவதர் வெள்ளக் குதிரைல "வாழ்விலோர் திருநாள்"னு பாடிட்டு வருவாரு பாருங்க, அந்த முகத்துல இருக்குற மிதப்பு, பட்டு, தலைமுடி, இந்த மனுஷன் அப்பா அம்மாவ மதிக்காதவன், பெரிய ஜாலிப் பேர்வழின்னு ஒரு வசனமும் இல்லாம தெரிஞ்சிரும். அப்புறம் டி.ஆர்.ராஜகுமாரி ரம்பாவா வந்து "மன்மத லீலையை" பாட்டு நடுவுல அவரு "ரம்பா"ன்னு கூப்பிட இவங்க "ஸ்வாமி"ங்கிற எடம், அத எழுத்துல சொல்ல முடியாது, போயி பாத்துக்கங்க.

இதுல இன்னொரு விஷயமும் இருக்குது. படம் வந்து ஒரு மாசங்கூட ஆகல, மஞ்சப் பத்திரிகை நடத்தின லட்சுமிகாந்தன கொன்ன வழக்கு வந்துருச்சு, அந்த வருஷ டிசம்பர்ல பாகவதரையும் காமெடி நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனையும் அரெஸ்ட் பண்ணிட்டாங்க. ரெண்டு பேருமே இந்தப் படத்துல இருக்காங்க. வெளியில 1947ல தான் வந்தாங்க. அப்ப அந்த மூணு தீபாவளில ரெண்டு தீபாவளி ஹீரோ ஜெயில்ல இருக்கறப்ப நடந்தது, ஜனங்க திரையில அவர் கண்ணு மண்ணு தெரியாம ஆடுறதையும் அப்புறம் கால் போயி அழுவறதையும் திரும்பத் திரும்ப போயி பாத்திருக்காங்க. இத மனசுல வெச்சுட்டு பாத்தீங்கன்னா படத்தோட பின்பாதி வேற மாதிரி இருக்கும்.

இப்ப இழுவைங்கிற புகாருக்கு வரேன். முப்பதுகள்ல வந்த படத்துல ஆளுங்க நின்ன எடத்துலயே நின்னு பாடறாங்க, கேமரா அசையறதே இல்லன்னு சொல்றாங்கல்ல, அதுக்குக் காரணம் இருக்குது. அப்பல்லாம் பின்னணி பாடறதுன்னு ஒண்ணு வரல, நடிக்கிறவரே அங்கயே அப்பவே பாடணும், ஆர்மோனியம் பிடில் மிருதங்கமெல்லாம் கேமராவுக்குத் தெரியாம பக்கத்துலயே ஒக்காந்து வாசிக்கணும், மைக் ஒரு எடத்துல தொங்கும். அவர் அந்தப் பக்கம் ரெண்டு எட்டு போனா குரல் போயிரும். அப்ப நாம கேக்குறது அந்த நிமிஷத்துல அந்த எடத்துல ஒரு ஆள் மூச்சுப் பிடிச்சுப் பாடினத, பின்னால சரி பண்ணினது கிடையாது. கச்சேரி கேக்குற மாதிரி நெனச்சு ஒக்காருங்க, கேமரா நகரலன்னு கவலையே வராது. ஆனா உள்ளத சொல்லணும்ல, 1934ல வந்த பவளக்கொடில 50 பாட்டு, பாகவதருக்கு மொதல் படம், அத ஒரே மூச்சுல பாக்க என்னால முடியல, நாலா பிரிச்சு பாத்தேன். அப்படிப் பாக்கறதுலயும் தப்பில்ல.

எல்லிஸ் ஆர். டங்கன்னு ஒருத்தர், அமெரிக்காக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, 1935ல இங்க வந்தவர் பதினஞ்சு வருஷம் தமிழ்ப் படமா எடுத்துத் தள்ளினாரு. 1937ல அவரு எடுத்த அம்பிகாபதி பாருங்க, கம்பர் மகன் கதைதான், ஆனா மாடத்துல அவ, கீழ இவன்னு ரோமியோ ஜூலியட் மாதிரி காதல் சீன் வெச்சிருப்பாரு. 1945ல மீரா. அதுல எம்.எஸ்.சுப்புலட்சுமி முகத்துல விழற வெளிச்சத்த கவனிங்க. ஷூட்டிங்குக்கு முன்னாடியே எம்.எஸ்.சோட தலைய சிலை மாதிரி செஞ்சு வெச்சு, டங்கனும் கேமராமேன் ஜிதன் பானர்ஜியும் எந்தப் பக்கம் லைட் போட்டா எப்படி தெரியுதுன்னு அந்த சிலைக்கு லைட் போட்டு போட்டு பாத்தாங்களாம். சின்னப் பொண்ணு மீரா "நந்தபாலா என் மணாளா"ன்னு பாட ஆரம்பிச்சு அந்தப் பாட்டு போற போக்குலயே எம்.எஸ்.ஸா மாறி நிக்கறப்ப, கருப்பு வெள்ளைலயே அவ்வளவு வெளிச்சம். இதுக்குப் போயி இப்ப கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சு விடறாங்க சில பேரு. மூஞ்சியெல்லாம் ஒரே மஞ்சக் கலரு. அந்த மனுஷங்க சிலை செஞ்சு வெச்சு பாத்த வேலை பூராவும் போச்சு.

கலராவது பரவால்ல, கொறஞ்ச பேருதான் செய்யறாங்க. எனக்கு ஆத்தரமா வர்றது படத்த இழுத்து விடறது. பழைய படமெல்லாம் நாலுக்கு மூணுங்கிற அளவுல எடுத்தது, கிட்டத்தட்ட சதுரம். இப்ப டிவி பதினாறுக்கு ஒம்போது. ஓரத்துல கருப்பா எடம் விட்டா ஜனங்க கேள்வி கேப்பாங்கன்னு சேனல்ல படத்தையே அகலமா இழுத்து ரொப்பிடறாங்க, கணக்குப் போட்டா எல்லாரும் மூணுல ஒரு பங்கு குண்டாயிடறாங்க. பாகவதரு, அதே காலத்து ஹீரோ பி.யு.சின்னப்பா, எல்லாரும் தட்டையா அமுக்கி வெச்ச மாதிரி இருக்காங்க, அதப் பாத்துட்டு அந்தக் காலத்துல ஹீரோன்னா இப்படியான்னு பசங்க சிரிக்குதுங்க. டிவி ரிமோட்டுல பிக்சர் சைஸ்னு போயி 4:3 வெச்சா சரியாயிரும். போன்ல பாக்குறவங்க பல பேர் அப்லோடு பண்ணினதுல எது சரியான அளவுன்னு பாத்து எடுக்கணும், வட்டமான பொருள் ஏதாவது வர்றப்ப பாருங்க, வண்டிச் சக்கரம், தட்டு, அது வட்டமா தெரிஞ்சா சரி, முட்டையா தெரிஞ்சா வேற அப்லோடு தேடுங்க. அப்புறம் மேல ஒரு லோகோ, கீழ ஒரு லோகோ, பாட்டெல்லாம் வெட்டி தனியா போட்டுட்டு படத்துல எடுத்துடறது, டைட்டிலையே வெட்டிட்டு தன் கம்பெனி பேர போடறது. நம்ம சட்டப்படி படம் வந்து 60 வருஷத்துல படத்தோட காப்பிரைட் முடிஞ்சிருது, அதனால யாரு வேணா போடலாம், அது நல்லதுதான், போடறவங்க முழுசா போட்டாத்தான் என்ன.

பேசாத படத்துக்கு வரேன், இதுலதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். எங்க பொண்ணு அஞ்சாவது படிக்குது, ஒரு நாள் பஸ்டர் கீட்டன் படத்த போட்டு விட்டேன். அமெரிக்காக்காரரு, சார்லி சாப்ளின் காலத்து ஆளு, மூஞ்சில சிரிப்பே வராது. 1926ல எடுத்த தி ஜெனரல்ங்கிற படத்துல ரயில் இஞ்சின் சக்கரத்த கோத்திருக்குற தண்டுல சோகமா ஒக்காந்திருப்பாரு, இஞ்சின் கெளம்பும், தண்டோட இவரும் மேல கீழ மேல கீழ போவாரு, அவருக்கே தெரியாது. என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுது. வசனமில்ல, எந்த ஊர் எந்த வருஷம்னு கேக்கல. 1928ல வந்த இன்னொரு படத்துல புயல்ல ஒரு வீட்டு முன்பக்க சுவரு முழுசா அவர் மேல சாயும், மாடி ஜன்னல் ஓட்டை மட்டும் கரெக்டா அவர் நிக்கிற எடத்துல வரும், ரெண்டு மூணு இஞ்ச் நகந்து நின்னிருந்தா ஆள் காலி. அது நெசச் சுவரு. கிராபிக்ஸ் இல்லைன்னு அதுக்கு புரிய வெக்க எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு, புரிஞ்சதும் மறுபடி போடச் சொல்லுச்சு.

நம்ம நாட்டுப் படம் வேணும்னா இந்திய சினிமாவுக்கு அப்பான்னு சொல்ற பால்கேவோட காளிய மர்தன், 1919. அவரு பொண்ணு மந்தாகினிதான் கிருஷ்ணர், ஏழு வயசு. கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தக் குழந்தை மூஞ்சிய மட்டும் காட்டி கோவம், அழுகை, சிரிப்புன்னு ஒவ்வொண்ணா செய்ய விட்டிருப்பாரு, அப்புறம் அந்தப் பொண்ணு அப்படியே கிருஷ்ணரா மாறும். இந்தப் பாப்பாதான் நடிக்கப் போவுது பாத்துக்கங்கன்னு ஒரு அப்பன் பெருமையா காட்டற மாதிரி இருக்கும், நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பெருமை தெரியுது. ஆத்துக்குள்ள பாம்போட சண்டை போடறதும் உண்டு, துணிப் பாம்புன்னு தெரியும், ஆனாலும் பாக்கலாம்.

பேசாத படத்துல ஆளுங்க எல்லாரும் குடுகுடுன்னு ஓடறாங்களே, அதுதான் கேலியா இருக்குதுன்னு பல பேரு சொல்றாங்க. அந்தக் காலத்துல யாரும் அப்படி ஓடலைங்க. அப்ப கேமராவ கையால சுத்துவாங்க, ஒரு செகண்டுக்கு பதினாறு பதினெட்டு படம்னு எடுப்பாங்க. பேசும் படம் வந்தப்புறம் 24ன்னு ஆயிருச்சு. பதினெட்டுல எடுத்தத 24ல ஓட்டினா ஓடத்தான செய்வாங்க. போன்ல பாக்கறப்ப வேகத்த 0.75ன்னு வெச்சுப் பாருங்க, ஆளுங்க சாதாரணமா நடக்க ஆரம்பிச்சிருவாங்க. சரியான வேகத்துல போட்ட அப்லோடும் இருக்குது, அதுக்கு இது தேவையில்ல. அப்புறம் அதுல யாரோ சேத்து விட்டிருக்குற பியானோவ மியூட் பண்ணிருங்க. அந்தக் காலத்துல நம்ம ஊருல கொட்டகைல பக்கத்துல ஆளுங்க ஒக்காந்து வாசிப்பாங்க, கதை படிச்சுச் சொல்ல ஒருத்தர் திரைக்குப் பக்கத்துல நிப்பாரு, ஜனங்களுக்கு எழுத்து படிக்கத் தெரியாதுல்ல. நான் காளிய மர்தனுக்கு வித்வான் மாலியோட புல்லாங்குழல் போட்டு பாத்தேன், பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம். ஒரு எடத்துல பாம்பு தலை தூக்கறப்ப ராகமும் மேல போச்சு, வீட்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

கோயமுத்தூர் பக்கத்து வாசகருங்களுக்காக ஒண்ணு. திருச்சில ரயில்வேல வேலை பாத்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல டூபான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கிட்ட இருந்து மிஷினையும் படத்தையும் வாங்கி வேலைய விட்டுட்டு ஊர் ஊரா டென்ட் அடிச்சு படம் காட்டினாரு. அவர்தான் அப்புறம் கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் தியேட்டர கட்டினது. வெரைட்டி ஹால் ரோட்டுல தெனமும் எத்தனை ஆயிரம் பேரு டிராபிக்ல நிக்கறாங்க, அந்த ரோட்டுக்கு ஏன் அந்தப் பேருன்னு கேட்டா தெரியாது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் அப்படித்தான், எங்க கொங்கு நாட்டுல சினிமா ஸ்டூடியோ இருந்ததுன்னாலே பசங்க நம்ப மாட்டேங்குதுங்க.

ஆனா போனது போனதுதான். நடராஜ முதலியார் புரசைவாக்கம் பக்கம் மில்லர்ஸ் ரோட்டுல ஸ்டூடியோ போட்டு எடுத்த கீசக வதம், தென்னாட்டுல எடுத்த மொதல் கதைப்படம், இப்ப ஒரு அடி கூட இல்ல. 1931ல வந்த காளிதாஸ் படச்சுருள் பம்பாய்ல இருந்து சென்னைக்கு வந்தப்ப சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஜனங்க பூ போட்டு தேங்கா ஒடச்சு ஊர்வலமா தியேட்டருக்கு கொண்டு போனாங்களாம், அந்தப் படமும் இல்ல. அதுல நடிச்ச டி.பி.ராஜலட்சுமி 1936ல தானே டைரக்ட் பண்ணின மிஸ் கமலாவும் இல்ல, தமிழ்ல ஒரு பொம்பள டைரக்ட் பண்ணின மொதல் படம் அது. அப்ப இருந்த பிலிம் நைட்ரேட்டு, பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினாலும் அணையாது, சும்மா வெச்சிருந்தாலே பிசுபிசுத்து பொடியாயிரும். அதுல இருக்குற வெள்ளிக்காக உருக்கி வித்ததும் உண்டு. பேசும் படம் வந்ததும் பேசாத படத்த யாரு வெச்சிருப்பா.

தப்பிச்சது எப்படி தப்பிச்சுதுன்னு பாத்தா அது ஒரு தனிக் கதை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த மார்த்தாண்ட வர்மா, 1933, பேசாத படம். அது ஒரு நாவல வெச்சு எடுத்தது, அந்த நாவல போட்ட புத்தகக் கம்பெனி எங்க அனுமதி இல்லாம எடுத்துட்டாங்கன்னு கேஸ் போட்டு படம் ஓடறப்பவே பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. சுந்தர்ராஜுக்கு எல்லாம் போச்சு. ஆனா அந்தப் பெட்டி புத்தக குடோன்லயே கெடந்துச்சு, 1974ல புனே பிலிம் ஆர்க்கைவ் அத வாங்கினாங்க, இப்ப தென்னாட்டுப் பேசாத படத்துல முழுசா பாக்கற மாதிரி இருக்குறது அது. கேஸ் போடாம படம் நல்லா ஓடியிருந்தா ஊர் ஊரா தேஞ்சு காணாமப் போயிருக்கும். அதே புனேலதான் 1939ல கே.சுப்ரமண்யம் எடுத்த தியாகபூமியும் இருக்குது. கல்கி கதை, புருஷன் தொரத்தி விட்ட பொண்ணு பெரிய பணக்காரியா திரும்பி வர்றா, இப்ப சேந்து வாழணும்னு அவன் கோர்ட்டுக்குப் போறான், அவ வேணும்னா நான் இவருக்கு ஜீவனாம்சம் குடுக்கறேங்கறா. 1939லங்க இது! வெள்ளக்கார சர்க்கார் தடை பண்ணினது காங்கிரஸ் பிரச்சாரம்னு சொல்லி, எனக்கென்னமோ நம்மாளுங்க பல பேருக்கு இந்த ஜீவனாம்ச வசனம்தான் அதிகம் உறுத்தியிருக்கும்னு தோணுது.

வெளிநாட்டுல இன்னும் கெடச்சுட்டே இருக்குது. ஜெர்மனில 1927ல வந்த மெட்ரோபொலிஸ் படத்துல வெட்டிப் போட்ட பாகம் 2008ல அர்ஜென்டினால ஒரு மியூசியத்துல கெடச்சுது. நம்ம நாட்டு பில்வமங்கள், 1919 படம், பாரிஸ்ல இருந்து 2016ல ஒரு பகுதி திரும்பி வந்துச்சு. தமிழ்ப் படம் அந்தக் காலத்துலயே இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போயிருக்குது, அங்க எங்கயாவது கெடக்கலாம்.

படம் கெடைக்காட்டியும் பாட்டுப் புத்தகம் கெடைக்கும். கொட்டகைல காலணாவுக்கும் ஓரணாவுக்கும் வித்தது, கதைச் சுருக்கம், நடிகருங்க பேரு, பாட்டு எல்லாம் இருக்கும், கதைச் சுருக்கத்துல முடிவ சொல்லாம "மீதியை வெள்ளித் திரையில் காண்க"ன்னு நிறுத்தியிருப்பாங்க. இப்ப படமே போயி அந்தப் புத்தகம் மட்டும் நின்னுதுன்னா மீதிய எங்க போயி காண்றது. வீட்டுல அட்டாலில, தகரப் பெட்டில கெடந்தா பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாதீங்கன்னு உங்க வாசகருங்களுக்கு ஒரு வரி போடுங்க. போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க, வாரம் ஒண்ணு அச்சடிச்சாலும் வருஷக்கணக்கா வரும்.

கடைசியா கேக்கறது இதுதான். அந்த இணைப்புல வாரம் அரைப் பக்கம் 1950க்கு முந்தின படத்துக்கு ஒதுக்குங்க. நடிகர் யார காதலிச்சாரு, எத்தனை கார் வெச்சிருந்தாருன்னு வேண்டாம், அது வேண்டிய அளவு வந்தாச்சு. படம் எந்த வருஷம், எத்தனை நேரம், எங்க முழுசா கெடைக்குது, எந்த சீன்ல என்ன பாக்கணும், அவ்வளவு போதும். மொதல் வாரம் ஹரிதாஸ் போட்டீங்கன்னா ஸ்டில்ல எடத்துக்கு தகுந்த மாதிரி அகலமா இழுக்காம இருந்த அளவுலயே போடுங்க, எடம் பத்தலன்னா குதிரைய வேணா வெட்டிக்கங்க, பாகவதர் தலைமுடில மட்டும் கை வெச்சிராதீங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், ஈரோடு.